மனச்சோர்வு நோயாளியும் அவர் இல்லத்தாரும்

நோயுற்றவரைப் பேணும் கலையை நம் நாட்டு இல்லங்கள் நன்கு அறிந்துள்ளன. காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி வடித்துக் கொடுக்கவும், கால் முறிந்தவரைத் தாங்கி நடத்தவும், பிள்ளை பெற்றவளைக் கண்ணுங்கருத்துமாகக் காக்கவும் ஒவ்வொரு குடும்பத்திலும் கைதேர்ந்த ஒருவர் இருப்பர். ஆயினும் அதே குடும்பத்தில் ஒருவர் சரிவர உண்ணாமலும் உறங்காமலும், பேச்சுக் குறைந்து, முன்பு விரும்பிச் செய்த வேலைகளை நாடாமல் வாரக்கணக்கில் இருப்பாராயின், அவரைப் பேணும் முறை எவருக்கும் புலப்படுவதில்லை. முதலில் புத்தி கூறுகிறார்கள், பின்னர் கோபிக்கிறார்கள், அதன்பின் கோயில், குளம் என்று அழைத்துச் செல்கிறார்கள், இறுதியில் அவர் போக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வு நோய் எனப்படும் இந்நிலையில் இல்லத்தார் செய்யத்தக்கது யாது என்பதையும், அதற்குக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் எவ்வகையில் உதவலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் பெயரைப் பற்றி மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். ஆங்கிலத்தில் ‘டிப்ரெஷன்’ என்னும் ஒரே சொல் வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தையும், பொருளாதாரக் கட்டுரையில் தொழில் மந்தத்தையும், மருத்துவ நூலில் இந்நோயையும் குறிக்கிறது. தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பது நமக்கு வசதியே. எனினும் ‘மனச்சோர்வு’ என்ற சொல்லைச் சிற்றூரில் எந்த நோயாளியும் வாயால் கூறக் கேட்பது அரிது. “உடம்பெல்லாம் அசதி”, “தலை பாரமாக இருக்கிறது”, “ஒன்றும் பிடிக்கவில்லை”, “இரவு மூன்று மணிக்கே விழிப்புக் கண்டுவிடுகிறது” என்றே அவர்கள் கூறுவர். சோதனைகளில் குறையொன்றும் தென்படாதபோதும் உடல்வலி, களைப்பு, தூக்கமின்மை ஆகியவற்றைச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் திரும்பத் திரும்ப வருவோருள் பலர் இந்நோய் உடையவர்கள். ஆகவே கள ஊழியர் நூற்சொல்லை எதிர்பார்த்துக் காத்திராமல், மக்கள் வழங்கும் சொல்லுக்குச் செவி கொடுத்தல் வேண்டும்.

நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்குத் தக்க சான்று உண்டு. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மத்திய சுகாதார அமைச்சகத்திற்காக 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்திற்று. வயதுவந்தோருள் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் இந்நோய்க்கு உள்ளாகியிருந்ததாக அவ்வாய்வு கண்டது. நோயுற்றோருள் நூற்றுக்கு 85 பேர் வரை சிகிச்சையின்றி இருந்தனர் என்பது அதனினும் கவலைக்குரியது. சிகிச்சை கிட்டாத அத்தனை பேரையும் அன்றாடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்களுடைய இல்லத்தாரே.

நோயை அறிதல்

துக்கம் வேறு, நோய் வேறு. உற்றார் இறந்தபோதும் பயிர் பொய்த்தபோதும் மனம் வாடுவது இயல்பு. அத்துயரம் அலையலையாக வந்து செல்லும். இடையிடையே பேரக்குழந்தையைக் கண்டு சிரிக்கவும் இயலும். மனச்சோர்வு நோயிலோ வாட்டம் நாள் முழுவதும், ஏறக்குறைய எல்லா நாட்களும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கிறது. அல்லது எதிலும் இன்பம் காணும் ஆற்றலே அற்றுப்போகிறது. இவற்றுடன் தூக்கமும் பசியும் குறைதல் அல்லது மிகுதல், களைப்பு, மனம் ஒருமுகப்படாமை, பேச்சும் நடையும் தளர்தல் அல்லது ஓரிடத்தில் இருக்கமாட்டாமை, தான் எதற்கும் உதவாதவன் என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுள் பல சேர்ந்து காணப்படும். இளம்பருவத்தினரிடம் வருத்தத்திற்குப் பதிலாகச் சிடுசிடுப்பே மேலோங்கலாம். நன்கு படித்துவந்த மாணவன் ஒரு பருவத்திற்குள் பின்தங்கி, விளையாட்டையும் தோழரையும் விட்டு விலகினால், அவனை முரடன் என்றோ சோம்பேறி என்றோ முடிவுகட்டுமுன் ஆசிரியர் தனியே அழைத்துப் பேசிப் பார்த்தல் நன்று.

தைராய்டு சுரப்புக் குறைவு, சோகை போன்ற உடற்குறைகளும் இதே தோற்றத்தை உண்டாக்கக்கூடும். ஆதலால் மருத்துவப் பரிசோதனை அவசியம். இல்லத்தார் மறவாமல் மருத்துவரிடம் கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நோயாளி முன்னொரு காலத்தில் தூக்கமே தேவையின்றி, அளவுகடந்த உற்சாகத்துடன், வரம்பின்றிச் செலவு செய்து, ஓயாது பேசித் திரிந்தவராயின், அது இருதுருவ நோயாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால் பழைய வெறிநிலை மீண்டும் கிளம்பக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த அச்செய்தி நோயாளியின் நினைவில் இல்லாமற் போகலாம். மனைவியோ சகோதரரோ அதனை நினைவில் வைத்திருப்பர்.

மருந்து வந்த வரலாறு

இந்நோயை மனத்தின் பலவீனம் என்று கருதியோரின் எண்ணத்தை அசைத்தவை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்த சில தற்செயலான கண்டுபிடிப்புகளாகும். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், இரத்த அழுத்தத்தைத் தணிக்கக் கொடுக்கப்பட்டபோது, அதனை உண்டவர்களுள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்ற செய்திகள் வந்தன. அதே காலத்தில் காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட இப்ரோனியாசிட் என்னும் மருந்து நோயாளிகளை எதிர்பாராத அளவு உற்சாகங்கொள்ளச் செய்தது. சுவிட்சர்லாந்தில் ரோலண்டு கூன் என்னும் மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை 1957இல் வெளியிட்டார். மூளையிலுள்ள ஓர் இரசாயனப் பொருளின் குறைவே இந்நோய் என்று பின்னர் எளிதாகக் கூறப்பட்டதுண்டு. இன்று அவ்வளவு எளிதாகக் கூறுவதற்கில்லை. பரம்பரை, இளமையில் பட்ட துயர், இழப்பு, கடன், நெடுநாள் நோய், மகப்பேறு ஆகிய பலவும் ஒருங்கே செயற்படுகின்றன.

இல்லத்தாருக்கு வரலாற்றினும் பயன்படக்கூடியது மருந்தின் நடைமுறையே. தலைவலி மாத்திரையைப் போல் இம்மருந்து ஒரே நாளில் வேலை செய்வதன்று. குமட்டல், தலைவலி முதலிய தொல்லைகள் முதலில் தோன்றும். நன்மை தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே “இது ஒத்துக்கொள்ளவில்லை” என்று மருந்தை நிறுத்துவோர் பலர். இவ்விடைக்காலத்தைக் கடக்கச் செய்வதே உடனிருப்பவரின் முதற்பணி. இளைஞர்களுக்கு மருந்து தொடங்கிய முதற்சில வாரங்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் மிகுகின்றனவா என்று கூர்ந்து கவனித்தல் வேண்டும். குணம் தெரிந்த பின்னும் பல மாதங்கள் மருந்தைத் தொடரவேண்டும். நிறுத்துவதாயின் மருத்துவர் கூறியபடி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்தவேண்டும். நோய் இலேசானதாயின் மருந்தின்றிப் பேச்சுமுறைச் சிகிச்சையாலேயே குணமடைவதும் உண்டு.

குடும்பத்தை மருத்துவமனைக்குள் அழைத்தவர்கள்

மேனாடுகளில் மனநோய் மருத்துவமனையின் வாயில் உறவினருக்கு நெடுங்காலம் மூடியே கிடந்தது. குடும்பமே நோய்க்குக் காரணம் என்ற கருத்தும் ஒருகாலத்தில் செல்வாக்குடன் விளங்கிற்று. நம் நாட்டில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர் 1950களில் இதற்கு நேர்மாறான வழியைக் கையாண்டார். இடநெருக்கடி மிகுந்த அம்மருத்துவமனையின் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளுடன் அவர்தம் உறவினரையும் தங்கவைத்தார். நோயாளியை எவ்வாறு நடத்துவது என்பதை உறவினர் அங்கேயே கண்டு கற்றனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையமும் உறவினர் உடன்தங்கும் முறையையே மேற்கொண்டது. கட்டடமும் தாதியரும் போதாமை இதற்கு ஒரு காரணமாயிருந்திருக்கலாம். எனினும் பற்றாக்குறையிலிருந்து பிறந்த இம்முறை, செல்வ நாடுகள் பின்னர் நாடிவந்த முறையாயிற்று என்பதில் நாம் சிறிது பெருமை கொள்வதில் தவறில்லை.

குடும்பத்தின் செல்வாக்கு நன்மைக்கும் உண்டு, தீமைக்கும் உண்டு. லண்டனில் கிறிஸ்தீன் வான், ஜூலியன் லெஃப் ஆகிய இருவர் 1976இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்கும். உறவினரைத் தனியே அழைத்து நோயாளியைப் பற்றிப் பேசச்செய்து, அப்பேச்சில் குறைகூறும் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று அவர்கள் எண்ணினர். குறைகூறல் மிகுந்த வீடுகளில் நோய் மீண்டும் வருவது மிகுதியாயிருந்தது. மனச்சிதைவு நோயாளிகளை ஆறு குறைகூறல்களுக்கு மேற்பட்ட வீடுகளே பாதித்தன. மனச்சோர்வு நோயாளிகளுக்கோ இரண்டே போதுமாயிருந்தது. தம்மைத் தாமே நாள்தோறும் குற்றஞ்சாட்டிக்கொள்ளும் ஒருவருக்குப் பிறர் கூறும் சிறு குறையும் சாட்சியாகிவிடுகிறது போலும். அதே நகரின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும், மனம்விட்டுப் பேசத்தக்க நெருங்கிய துணை உடைய பெண்களைப் பெருந்துன்பம் தாக்கியபோதும் நோய் அத்துணை எளிதில் பற்றவில்லை என்று 1978இல் எழுதினர்.

உடனிருப்போர் செய்யத்தக்கவை

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பருத்தி விளையும் சிற்றூர். 45 வயதுள்ள உழவர். அவருடைய மனைவி, வயது முதிர்ந்த தாயார், பள்ளி ஆசிரியராகிய தம்பி. இரண்டு மாதங்களாக மூத்தவர் வயலுக்குச் செல்வதில்லை. பகலெல்லாம் உள்ளறையில் சுவரை நோக்கிப் படுத்திருக்கிறார். தாயார், “உனக்கு என்னடா குறை? உன் அப்பா பஞ்சத்திலே வளர்த்தாரே” என்கிறார். மனைவி, “பிள்ளைகள் முகத்தையாவது பாருங்கள்” என்று அழுகிறார். தம்பி, “மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்கிறார். மூவரும் அன்பினாலேயே பேசுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூத்தவர் காதில் விழுவது வேறு: எனக்குக் குறையில்லை, ஆகவே என் துன்பம் பொய், பிள்ளைகளுக்கு நான் பாரம், தைரியம் இல்லாத நான் ஆண்மகனே அல்லேன். காய்ச்சல் உடையவரிடம் உடம்பைச் சுடாமல் வைத்துக்கொள் என்று எவரும் கூறுவதில்லை.

இவற்றுக்குப் பதிலாகக் கூறத்தக்கவை மிகச் சுருங்கியவை. “நீங்கள் மிகவும் துன்பப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. இது ஒரு நோய். பலருக்கும் வந்து குணமாகியிருக்கிறது. நான் உங்களுடன் வருகிறேன். நாளைக் காலையில் டாக்டரைப் பார்ப்போம்.” இதற்கு மேல் அன்று பேசவேண்டுவதில்லை. அவர் பேசினால் இடைமறிக்காமல் கேட்டலும், பேசாவிடில் அருகில் அமர்ந்து வேறு சிறு வேலையைச் செய்துகொண்டிருத்தலும் போதும். தீர்வு கூறவேண்டும் என்னும் ஆவலை அடக்குவது நம்மவருக்குக் கடினம். ஆசிரியர்களுக்கு இன்னும் கடினம். மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டுவிட்டு நிறுத்தினால், முடிவெடுக்கும் ஆற்றல் குன்றியவர் வேண்டாம் என்றே கூறுவார். நாளையும் நேரத்தையும் உடன்வருபவரையும் குறிப்பிட்டுக் கூறினால் பெரும்பாலும் இசைவார்.

அடுத்தது செயல். சோர்வினால் ஒருவர் வேலைகளை விடுகிறார். வேலைகளை விட்டதனால் மகிழ்ச்சிக்கும் பாராட்டுக்கும் வழி அடைபடுகிறது. அதனால் சோர்வு மேலும் மிகுகிறது. உற்சாகம் வந்தபின் எழுவோம் என்று காத்திராமல், சிறு செயலை முற்படுத்தி உற்சாகத்தைப் பின்தொடரச் செய்வதே ‘செயலூக்கச் சிகிச்சை’ எனப்படும் முறையாகும். கோவா மாநிலத்தின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதனைச் சோதித்தனர். மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்வாசிகள் பயிற்றுவிக்கப்பட்டு, கடும் மனச்சோர்வு உடையவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்தித்து, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத்திற்கு மேல் உரையாடினர். 2017இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் இவ்வுதவி பெற்றவருள் நூற்றுக்கு 64 பேர் நோய் நீங்கியிருந்தனர். வழக்கமான சிகிச்சையைச் சற்றே மேம்படுத்திய நிலையில் மட்டும் பெற்றவருள் அது 39 பேர். பட்டம் பெற்ற மனநல மருத்துவர் ஒருவரும் இல்லாத ஊரிலும் செய்யத்தக்க காரியம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பயிற்சி பெற்ற உதவியாளரின் இடத்தை இல்லத்தார் முழுதும் நிரப்பவியலாது. எனினும் முறையின் சாரத்தைக் கைக்கொள்ளலாம். மேற்கூறிய உழவரை முதல் நாளே வயலுக்கு அனுப்ப முயல்வது வீண். “அண்ணா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன், நீங்களும் கூட வாருங்கள்” என்று தம்பி அழைக்கலாம். அன்று அவர் தொழுவத்து வாயில்வரை வந்து நின்றாலும் அது நாளின் வேலையாகும். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அழைக்கவேண்டும். மூன்றாம் நாள் வர மறுத்தால் கோபமோ கெஞ்சலோ இன்றி, “சரி அண்ணா, நாளைக்கு அழைக்கிறேன்” என்று கூறிச் செல்லவேண்டும். நோய்க்கு முன் அவருக்கு எது பிடித்திருந்தது என்பதை மனைவி அறிவார். மாலையில் பஜனைக் கூட்டமா, சந்தைக்குப் போய்வருவதா, பேத்தியைத் தோளில் தூக்குவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். எழுந்து குளிப்பதற்கும் உண்பதற்கும் உறங்குவதற்கும் ஒரே நேரம் வைத்துக்கொள்வது பெரிதும் உதவும். மது அருந்தும் வழக்கமிருப்பின் அது சோர்வைக் கூட்டும் என்பதை மருத்துவர் வாயிலாகவே அறிவிப்பது நலம். வீட்டில் கூறினால் சண்டையாகிவிடும். நிலத்தை விற்பது, வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளைக் குணமாகும்வரை ஒத்திவைக்குமாறு இல்லத்தார் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்மார்களின் நிலைக்குத் தனிக்கவனம் வேண்டும். குழந்தையைக் கண்டும் முகம் மலராத தாயைப் பொறுப்பற்றவள் என்று ஏசுவது நம் வீடுகளில் மிகுதி. அவளுக்கு ஓரிரவு முழுத் தூக்கம் கிடைக்கும்படி மாமியாரோ தாயாரோ குழந்தையை ஏற்றுக்கொள்வது அறிவுரையைவிட அதிகம் பயன் தரும். பேறுகாலத்தை அடுத்த வாரங்களில் அவள் இல்லாத குரல்களைக் கேட்பதாகவோ குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்களையோ வெளியிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

உயிருக்கு ஆபத்து நேரும்போது

“நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்ற பேச்சு, கடன் கணக்குகளைத் திடீரென ஒழுங்குசெய்தல், அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது நேராகவே கேட்கவேண்டும்: “உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா?” இவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது, அதற்கு ஆதாரமில்லை. பலர் கேட்டபின்னரே பாரம் இறங்கியதாக உணர்கின்றனர். ஆம் என்று விடை வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். யாரிடமும் கூறுவதில்லை என்ற வாக்கு அளித்தலாகாது.

வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கள ஊழியர்கள் இதில் நேரடியாகச் செய்யத்தக்கது பெரிது. சிற்றூர்களில் உயிரிழப்புக்குப் பூச்சிமருந்து ஒரு முக்கியக் காரணமாகும். அவ்வெண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பலருக்குச் சில நிமிடங்கள் அல்லது மணிகளே; அப்போது கைக்கெட்டும் இடத்தில் நஞ்சு இல்லாதிருத்தல் உயிரைக் காக்கும். இலங்கையில் 1995 முதல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததன் பின், பத்தாண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நம் உழவர் வீடுகளில் மீதமான மருந்துப் புட்டி கூரையிடுக்கிலோ அடுக்களை மாடத்திலோ இருப்பதை எவரும் காணலாம். நோயாளி உள்ள வீட்டில் அதனை வெளியேற்றி, வேறிடத்தில் பூட்டிவைத்து, திறவுகோலை மற்றொருவரிடம் ஒப்படைக்கச் செய்யவேண்டும். மாத்திரைகளையும் ஒரு வாரத்திற்கு வேண்டிய அளவே நோயாளி கையில் இருக்குமாறு செய்தல் நலம்.

போலீசு வழக்குக்கு அஞ்சிச் செய்தியை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இம்முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தொடரவில்லை. இதனை ஊர்க்கூட்டங்களில் எடுத்துரைப்பது கள ஊழியர்க்கு ஏற்ற பணி.

உதவி கிட்டும் இடங்கள்

பெல்லாரி மாவட்டத்தில் நடந்த முன்னோடி முயற்சியைப் பின்பற்றி, மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிற்று. இன்று நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு விரிந்துள்ளது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால் மனநல மருத்துவர் வரும் நாள் தெரியும். 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். நோயாளிதான் பேசவேண்டும் என்பதில்லை. என்ன செய்வதென்று தெரியாத மனைவியும் தம்பியும் தங்கள் பொருட்டும் அழைக்கலாம்.

இதனைக் கூறக் காரணம் உண்டு. மாதக்கணக்கில் ஒருவரைப் பேணுபவர் தாமும் களைப்புற்று, எரிச்சலுற்று, பின் அவ்வெரிச்சலுக்காக வருந்துவது இயற்கை. முன்னர்க் கண்ட குறைகூறல் பெரும்பாலும் இக்களைப்பிலிருந்தே பிறக்கிறது. வீட்டுக்குச் செல்லும் ஊழியர் நோயாளியை விசாரித்தபின், “நீங்கள் இரவில் தூங்குகிறீர்களா அம்மா?” என்று மனைவியையும் தனியே கேட்கவேண்டும். வாரத்தில் ஒரு மாலையேனும் நாத்தனாரோ அண்டை வீட்டாரோ பொறுப்பை ஏற்க, அவர் வெளியே சென்றுவர ஏற்பாடு செய்யலாம்.

முதன்முறை நோயுற்றுக் குணமானவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் பிற்காலத்தில் மீண்டும் வருகிறது. ஆகையால் நோயாளி நலமாயிருக்கும் காலத்திலேயே அவரோடு அமர்ந்து, சென்ற முறை முதலில் தோன்றிய குறி யாது என்று கேட்டு எழுதிவைப்பது வழக்கமாக வேண்டும். ஒருவருக்கு அதிகாலை விழிப்பு. மற்றொருவருக்குச் சவரம் செய்துகொள்ளாமை. இன்னொருவருக்குச் செய்தித்தாளைப் பிரிக்காமலே வைத்துவிடுதல். அக்குறி தோன்றினால் யார் அவரிடம் கூறுவது, எந்த மருத்துவரை எந்த நாளில் காண்பது என்பதையும் அதே தாளில் அவர் சம்மதத்துடன் குறித்து, மருந்துச் சீட்டுடன் வைத்துக்கொள்ளலாம்.